குண்டுமணிக்கு வைத்த மாவு

உக்கிரபாண்டியின் பெயர் காலை டீ நேரத்தில் வந்தது.

கேம்ப் பாஸ் ஐசக் சார் ஏழாம் மாடியின் கடைசி அறை வாசலில் நின்றுகொண்டு, கையிலிருந்த போனைப் பார்த்து வாசித்தார்.

"உக்கிரபாண்டி. பெட்டியக் கட்டு. பத்து மணிக்கு வண்டி. நாலாம் சைட்டு."

அறையில் ஒருவரும் டீயை விழுங்கவில்லை. நாலாம் சைட் என்றால் பாலைவனத்துக்குள் அரை நாள் பயணம். கடை கிடையாது, கடல் கிடையாது, போனில் பிள்ளையின் முகம் கட்டம் கட்டமாகத்தான் தெரியும்.

"நான் என்ன சார் செஞ்சேன்?"

"எனக்கு எப்படிடே தெரியும்? போன்ல பேரு வருது, நான் வாசிக்கேன். ஆபீஸ்ல கேட்டா சிஸ்டம் போட்டதுங்கான். சிஸ்டத்துக்கிட்ட யாரு போயி கேக்க?" படியிறங்கப் போனவர் நின்று திரும்பினார். "வாய வச்சிட்டு சும்மா இருந்திருக்கலாம்லா."

அந்தக் கடைசி வார்த்தையைச் சொல்லாமல் போயிருந்தால், பின்னால் நடந்த பாதி நடந்திருக்காது.

முந்தின நாள் சாயங்காலம் உக்கிரபாண்டி கத்தியது உண்மைதான். மூலையில் ஏசித் தண்ணீர் வாரக்கணக்கில் சுவருக்குள் ஒழுகிக்கொண்டிருந்தது. சொல்லிச் சொல்லிப் பார்த்தும் யாரும் வரவில்லை. "ஒரு நா எல்லாரும் வேலைக்குப் போகாம உக்காந்தாத்தான் இவனுகளுக்குப் புத்தி வரும்" என்றான். கதவு சாத்தியிருந்தது. உள்ளே அறைக்காரர்கள் மட்டும்.

அறைக்காரர்களும், குண்டுமணியும்.

துறைமுகம் கட்ட வந்த ஆட்களுக்காக எழுப்பிய குடியிருப்பு அது. பன்னிரண்டு மாடி. இரும்புப் பெட்டிகள் போன்ற அறைகளைக் கிரேன் வைத்து ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தார்கள். இங்கே வேலை முடிந்ததும் பிரித்துக் கப்பலில் ஏற்றி வேறொரு நாட்டில் அடுக்குவார்கள். இதற்கு முன் எத்தனை நாடு பார்த்த பெட்டிகள் என்று யாருக்கும் தெரியாது. ஒவ்வொரு அறையிலும் சுவரும் கூரையும் சேரும் இடத்தில் ஒரு குமிழ். சிவப்பு நிறம், நடுவில் கறுப்புப் பொட்டு. கம்பெனி வைத்த பெயர் வாயில் நுழையவில்லை. தமிழ் ஆட்கள் குண்டுமணி என்றார்கள். பிறகு வங்காளிகளும் நேபாளிகளும்கூட அப்படியே சொன்னார்கள்.

விடிந்ததும் கட்டடத்தின் அடியிலிருந்து 'டொக்' என்று ஒரு தட்டு எழும்பும். அது இரும்பு வழியாக மேலே ஏறும். படுத்திருப்பவன் முதுகில் லேசாகத் தெரியும். அந்தத் தட்டை ஒவ்வொரு குண்டுமணியும் கேட்டு, இரும்பு நலமாக இருக்கிறதா என்று கட்டடத்தின் கம்ப்யூட்டருக்குச் சொல்லும் என்பது கம்பெனி சொன்ன கதை. யாருக்கு எந்த அறை, யாருக்கு எந்தக் கட்டில் என்பதையும் அந்தக் கம்ப்யூட்டரேதான் போட்டது.

உக்கிரபாண்டிக்கு முன்பே ஆட்கள் போயிருந்தார்கள். ஒன்பதாம் மாடியில் பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கேட்டவன். நாலாம் மாடியில் சூப்பர்வைசரைத் திட்டியவன். கீழே ஆறாம் மாடியில் சந்தியாகு என்று ஒருவன். யார் யார் என்னென்ன பேசினார்கள் என்று ஆட்கள் கணக்குக் கூட்டினார்கள். கணக்குச் சரியாக வந்தது.

உக்கிரபாண்டி பெட்டியோடு இறங்கிப் போனதும், மாயன் கட்டிலில் உட்கார்ந்தபடியே மேலே பார்த்துக் கைகூப்பினான்.

"குண்டுமணிச் சாமி, நேத்து நான் ஒண்ணுமே பேசல. குறட்டை மட்டும்தான் விட்டேன். அதை மேலிடத்துல போட்டுக் குடுத்துறாதப்பா."

யாரும் சிரிக்கவில்லை. எல்லாரும் இன்பராஜைப் பார்த்தார்கள்.

இன்பராஜ் தூத்துக்குடிக்காரன். டிப்ளமோ படித்தவன். குண்டுமணிகளைத் துடைப்பதும் மாற்றுவதும் அவன் வேலை. காதில் ஒரு கருவியை மாட்டிக்கொண்டு, சின்னச் சுத்தியலால் தூணைத் தட்டித் தட்டி, கண்ணை மூடிக் கேட்டபடி நடப்பான். அப்படி நடக்கிறவனைப் பார்த்தாலே ஒட்டுக் கேட்கிறவன் மாதிரிதான் இருக்கும்.

"என்ன பாய், என்னைய ஏன் பாக்கீங்க?" என்றான்.

ஜபருல்லா பாய்தான் அந்த அறைக்கு மூத்தவர். தொண்டிக்காரர், இருபது வருடமாகக் கடல் தாண்டி உழைக்கிறவர். டம்ளரைக் கீழே வைத்தார்.

"தம்பி, நேரடியாக் கேக்குறேன். அது பேச்சக் கேக்குமா, கேக்காதா?"

"கேக்காது பாய். இரும்பை மட்டும்தான் கேக்கும். வெடிப்பு விட்டா இரும்பு சத்தம் போடும், நம்ம காதுக்கு எட்டாத சத்தம். வெடிப்பு இருக்குற இடத்துல தட்டுற சத்தமும் வேற மாதிரி கேக்கும். சந்தையில பானை வாங்கையில தட்டிப் பாக்க மாட்டமா, அதான்."

"பேசினா சுவரு அதிராதா?"

"கொஞ்சம் அதிரும்."

"அப்ப அதையும் கேக்கும்ல?"

"வரும் பாய். பேச்சு, பாட்டு, நடக்குறது, கக்கூஸ்ல தண்ணி விடுறது எல்லாம் வரும். வந்தா சல்லடை போட்டு வெளியில தள்ளிரும். இரும்புச் சத்தம் மட்டும்தான் உள்ள போகும்."

"வெளியில தள்ளுன சத்தம் எங்க போகுது?"

இன்பராஜ் சிரித்துவிட்டான். "எங்க போகும்? குப்பைதான். குப்பைய யாரு எடுத்து வைப்பா?"

அவன் சிரித்திருக்கக் கூடாது என்று சேதுராசுவுக்குத் தோன்றியது. சேதுராசு சாரம் கட்டுகிறவன், பரமக்குடிப் பக்கம். ஏறுவதற்கு முன்னால் குழாயைத் தட்டிப் பார்க்கிற பழக்கம் அவனுக்கும் உண்டு. அதனால் இன்பராஜ் சொன்னதில் பாதியை நம்பினான். மீதிப் பாதியை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு ஐந்து தட்டு வைக்க வேண்டிய இடத்தில் நாலுதான் இருந்தது.

அறையில் ஆளுக்கொரு நாள் சமையல் முறை. முறைக்காரன் மாடிச் சமையலறையில் எல்லாருக்கும் ஆக்குவான். யாரோடு முறை போடுகிறோமோ அவன்தான் அங்கே அண்ணன் தம்பி. முறையிலிருந்து ஒருவனை எடுப்பதற்குச் சண்டை போட வேண்டியதில்லை. தட்டு வைக்காமல் விட்டால் போதும். இன்பராஜ் கை கழுவிக்கொண்டு வந்து, தட்டுகளை ஒருமுறை பார்த்தான். செருப்பை மாட்டிக்கொண்டு கீழே போனான். கடையில் குப்பூஸ் ரொட்டியும் தயிரும் வாங்கித் தின்றுவிட்டு, எல்லாரும் படுத்த பிறகு வந்தான். மறுநாளும் அப்படித்தான். அதற்கடுத்த நாளும்.

மாவு வைக்கும் யோசனை ஜபருல்லா பாயுடையது. சப்பாத்திக்குப் பிசைந்த மாவில் ஒரு உருண்டையைக் கிள்ளிக் கட்டில்மேல் ஏறி, குண்டுமணியின் கறுப்புப் பொட்டு மறைய அப்பினார். மேலே சிவப்பு நகப்பூச்சு பூசினார். அந்தச் சீசா எங்கிருந்து வந்தது என்று மாயன் கேட்டதற்கு, "உங்க அக்காளுக்கு வாங்குனதுடா" என்றார். கீழேயிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது. ஒரு வாரத்தில் பன்னிரண்டு மாடிக்கும் சேதி பரவியது. இன்பராஜ் காதில் மட்டும் விழவில்லை. அவன் வந்தால் எந்த அறையிலும் பேச்சு நின்றுவிடும். துடைக்க வந்தாலும், "நேத்துத்தான் நாங்களே துடைச்சோம், போ போ" என்று வாசலிலேயே திருப்பி அனுப்பினார்கள்.

பெயர் வாசிப்பது நின்றுபோனது.

ஒரு வாரம், இரண்டு வாரம். ஐசக் சார் காலையில் வரவேயில்லை. ஜபருல்லா பாய் வெள்ளிக்கிழமை பிரியாணி போட்டார். மாயன் கம்பெனி முதலாளியை அவருடைய ஏழு தலைமுறையோடு சேர்த்துத் திட்டி ஒரு பாட்டே கட்டிப் பாடினான். ஒன்றும் நடக்கவில்லை.

"இப்ப என்னய்யா சொல்ற?" என்று சேதுராசுவைப் பார்த்துக் கேட்டார் பாய். "காதை அடைச்சோம், பேரு நின்னுச்சு. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்? கூடவே படுத்துக்கிட்டு நம்மளக் காட்டிக் குடுத்திருக்கான்."

சேதுராசு தலையைத் திருப்பினான். இன்பராஜின் காலிக் கட்டிலைப் பார்த்தான். தலைமாட்டில் பெண் பிள்ளையின் போட்டோ ஒட்டியிருந்தது. முன்பல் விழுந்த சிரிப்பு.

அதற்கப்புறம்தான் புது ஆட்கள் வந்தார்கள். காலியான கட்டில்கள் எல்லாம் நிரம்பின. அதோடு நிற்கவில்லை. இரண்டு தட்டுக் கட்டிலுக்கு மேல் மூன்றாவது தட்டு ஒன்றைப் பொருத்திவிட்டுப் போனார்கள். கடைசி அறைகளில் ஆறு பேர் இருந்த இடத்தில் ஒன்பது பேர். வந்தவர்களில் ஒருவன் பூமிநாதன், சேதுராசுவின் மனைவியின் தம்பி. சேதுராசுதான் விசாவுக்குச் சொல்லி வரவழைத்திருந்தான். ஆறாம் மாடிக் கடைசி அறையில், சந்தியாகு இருந்த மூலைக் கட்டிலை அவனுக்குப் போட்டிருந்தார்கள்.

"மச்சான், எங்க ரூம் கதவு சாத்த மாட்டேங்குது" என்றான் பூமிநாதன். "தூக்கிப் பிடிச்சுச் சாத்த வேண்டியிருக்கு."

"உனக்கு வேலைக்காரன் வச்சுச் சாத்தச் சொல்லவா? புது மாப்பிள்ளைல்ல நீ" என்றான் மாயன்.

அன்று கேரம் ஆடும்போது மாயன் அடித்த காய் ஒவ்வொன்றும் கடல் பக்க மூலைக்கே நகர்ந்தது. "பாத்தியா, என் காய்க்குக்கூட ஊர் ஞாபகம், கடலப் பாத்துப் போகுது" என்றான். சேதுராசு பலகையைத் திருப்பிப் போட்டான். அப்போதும் காய் அதே பக்கம் போனது.

மறுநாள் வேலையிடைவெளியில் சேதுராசு உக்கிரபாண்டிக்குப் போன் போட்டான். சும்மா நலம் விசாரிக்கத்தான்.

"நல்லா இருக்கேன்டா, மணல் சோறு தின்னுக்கிட்டு. இங்க நம்ம பில்டிங் ஆளுக ஒரு பட்டாளமே இருக்கோம். சந்தியாகு இந்தா பக்கத்துல இருக்கான்."

"சந்தியாகு என்ன பேசுனதுக்கு அனுப்புனாங்க?"

அந்தப் பக்கம் உக்கிரபாண்டி சிரித்தது கேட்டது. "சந்தியாகு பேசுனானா? அவன் பிறவி ஊமைடா. கைச் சாடைதான். அவன் வாயிலேருந்து எதைக் கேட்டுச்சாம் அந்தக் குண்டுமணி?"

சேதுராசு போனை மறு காதுக்கு மாற்றினான்.

"அண்ணே, அங்க வந்த ஆளுக எல்லாரையும் கேட்டுச் சொல்லு. யாரு என்ன பேசுனாங்கன்னு வேணாம். யாரு எந்தக் கட்டில்ல இருந்தாங்கன்னு மட்டும் கேளு."

பதில் சாப்பாட்டு மணி அடிப்பதற்குள் வந்துவிட்டது. மாடிதான் வேறு வேறு. அறை எல்லாருக்கும் ஒன்று, கடைசி அறை. கட்டிலும் ஒன்று, கடல் பக்கத்து மூலைக் கட்டில். ஒருவன் தலைக்கு நேர் கீழே இன்னொருவன், அவன் தலைக்குக் கீழே அடுத்தவன்.

இன்பராஜ் கடை வாசலில் பால் கிரேட்டைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து குப்பூஸைத் தயிரில் தொட்டுக்கொண்டிருந்தான். சேதுராசு எதிரில் போய் நின்றதும் எழுந்தான்.

"வாங்க அண்ணாச்சி. வழி தவறி வந்துட்டீங்களா?"

"குத்திக் காட்டாத. ஒண்ணு கேக்கணும். எங்க மூலைத் தூண் எப்படி இருக்கு?"

இன்பராஜ் சுற்றிலும் பார்த்தான். "அதைச் சொல்லக் கூடாது. எழுதி வாங்கியிருக்காங்க. சொன்னா ஊருக்கு டிக்கெட்."

"என் பொண்டாட்டி தம்பி அங்க படுத்திருக்கான்."

இன்பராஜ் கையிலிருந்த ரொட்டித் துண்டைத் தட்டில் வைத்தான்.

"ரெண்டு மாசத்துக்கு முன்னாடி ஸ்க்ரீன்ல மஞ்சள் காட்டிச்சு. ஏசித் தண்ணி உள்ள இறங்கி, அடுக்குச் சேருற இடத்துல அரிச்சிருக்கும்னு நினைச்சேன். மேலே சொன்னேன். 'பாத்துக்கறோம்'னாங்க. வெல்டிங் பண்ண ஆள் வருவான்னு நானும் பாத்துக்கிட்டே இருந்தேன். யாரும் வரல. ஆனா இப்ப எல்லாம் பச்சைதான் அண்ணாச்சி. போன மாசத்துலேருந்து முழுப் பச்சை. அதுதான் எனக்குப் பிடிபடல. நம்ம தோல்ல புண்ணு பட்டா ஆறும். இரும்புல பட்டா ஆறாது."

"ஆளு யாரும் வந்து சரி பண்ணலல்ல?"

"ஒருத்தன் வரல."

"அப்ப அவங்க பாத்துக்கிட்டது இப்படித்தான்." சேதுராசு உக்கிரபாண்டி சொன்னதைச் சொன்னான். சொல்லி முடிப்பதற்குள் இன்பராஜுக்குப் புரிந்துவிட்டது.

"பாரத்தைக் கொறைச்சிருக்கு" என்றான் மெதுவாக. "தூணு தாங்கலைன்னதும் கம்ப்யூட்டரு மேலேருந்து ஒவ்வொரு ஆளா இறக்கியிருக்கு. செலவில்லாத ரிப்பேரு." பிறகு நெற்றியைச் சுருக்கினான். "சரி, பச்சை எப்படி வந்துச்சு?"

"மாவு வச்சோம்."

"என்ன மாவு?"

"சப்பாத்தி மாவு. எல்லாக் குண்டுமணிக்கும். பன்னெண்டு மாடியிலயும்."

இன்பராஜ் கிரேட்டின்மேல் பொத்தென்று உட்கார்ந்தான்.

"ஒண்ணு ரெண்டை அடைச்சிருந்தா, 'இது கெட்டுப்போச்சு'ன்னு காட்டியிருக்கும். மொத்தமா ஒரே மாதிரி அடங்கிப்போகவும் வெடிப்பு நின்னுருச்சு, கட்டடம் கல்லு மாதிரி இருக்குன்னு நினைச்சிருச்சு. அதான் ஆளைக் கொண்டாந்து ஏத்துது. மூணாவது தட்டு போடுது." அவன் தட்டைத் தள்ளி வைத்தான். "எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா இதுல கைய வைக்காதீங்கன்னு கால்ல விழுந்திருப்பேன். ஏன் அண்ணாச்சி யாருமே சொல்லல?"

கேட்ட பிறகு அவனே தலையைக் குனிந்துகொண்டான். தட்டே வைக்காமல் ஒதுக்கியவனிடம் யார் போய் மாவைப் பற்றிச் சொல்வார்கள்?

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து ஜபருல்லா பாய் தொப்பியோடு அறைக்குள் நுழைந்தபோது எல்லாரும் இருந்தார்கள். பூமிநாதனும் கீழேயிருந்து வந்திருந்தான். இன்பராஜ் வாசலை ஒட்டியே நின்றான். சேதுராசு சொல்லி முடித்ததும் பாய் நிதானமாகத் தொப்பியைக் கழற்றி மடித்தார்.

"அவன் சொன்னான், நீ நம்பிட்ட."

"உக்கிரபாண்டி அண்ணன் சொன்னது பாய். சந்தியாகு ஊமை."

"ஊமைய அனுப்புனது தூணுக்காகவே இருக்கட்டும். மத்தவன பேச்சுக்காக அனுப்பியிருந்தா? அடைச்ச காதை நாமளே திறந்து விடச் சொல்ற. திறந்த மறுநாள் ஐசக்கு வந்து உம் பேர வாசிச்சா, இந்தத் தூத்துக்குடியானா வந்து தடுப்பான்?" இன்பராஜ் பக்கம் திரும்பினார். "ஏன்டா, மஞ்சள்னு தெரிஞ்சும் எங்ககிட்டச் சொல்லாம எங்க பக்கத்துலயே படுத்து எந்திரிச்சிருக்க. உன்னைய நான் எதை வச்சு நம்ப?"

"நானும் அந்த மூலைக்குப் பக்கத்துலதான பாய் படுத்தேன்."

"அது உன் தைரியமா இருக்கும். இல்ல உன் முட்டாள்தனமா இருக்கும்."

மாயன் கேரம் பலகையின் நடுவில் ஸ்ட்ரைக்கரை நிமிர்த்தி வைத்துக் கையை எடுத்தான். அது உருண்டு கடல் பக்கமாகப் போய், விளிம்பில் முட்டிப் படுத்தது.

"போன வெள்ளி இது நின்னுச்சு பாய்" என்றான் மாயன். அவன் குரலில் கேலி இல்லாமல் கேட்டது அதுதான் முதல் தடவை.

பூமிநாதன் மெதுவாகக் கேட்டான். "மச்சான், நான் இன்னைக்கு எங்க படுக்க?"

பாய் பலகையைப் பார்த்தார். அப்புறம் இன்பராஜிடம் கையை நீட்டினார்.

"உம் போன எடு. புள்ள படத்தை வை. அது மேல கைய வச்சுச் சொல்லு. அது பேச்சக் கேட்டு எவன்கிட்டயும் சொல்லாதுன்னு."

இன்பராஜ் போனை எடுத்தான். முன்பல் விழுந்த சிரிப்பு திரையில் வந்தது. அதன்மேல் உள்ளங்கையைப் பரப்பி வைத்தான்.

"எம் பாப்பா மேல சத்தியமாச் சொல்லுதேன் பாய். இரும்பைத்தான் கேக்கும். பேச்சு போகாது."

பிள்ளையின் தலையில் அடித்துச் சொன்ன சத்தியத்துக்கு அப்புறம் பேச்சில்லை. பாய் கரண்டியை எடுத்துக்கொண்டு கட்டில்மேல் ஏறினார். மாவு காய்ந்து கல்லாகியிருந்தது. சுரண்டச் சுரண்டச் சிவப்புப் பூச்சோடு செதில் செதிலாக அவர் தாடியில் விழுந்தது. மற்றவர்கள் மேல்மாடிக்கும் கீழ்மாடிக்கும் ஓடினார்கள். சில அறைகளில் கெஞ்சினார்கள். சில அறைகளில் திட்டு வாங்கினார்கள். ஒரு வங்காளி அறையில் சத்தியம் நடந்த கதையை மாயன் நடித்தே காட்டினான். கடைசி வரிசை அறைகள் முடிந்து மற்ற வரிசைகளுக்குப் போகும்போதே கட்டடத்தின் அபாயச் சங்கு ஊத ஆரம்பித்துவிட்டது. இந்தி, வங்காளம், தமிழ் என்று மாறி மாறி ஒரு பெண் குரல் வெளியேறச் சொன்னது. ரொம்ப மரியாதையான குரல்.

ஐசக் சார் லுங்கியோடு ஓடிவந்தார். "என்னடே ஆச்சு? ஏதுடே இது? காலம்பற எல்லாம் பச்சையால்லா இருந்துச்சு!"

வெயிலில் மணலில் எல்லாரும் நின்றார்கள். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. அடுப்பை அணைக்காமல் வந்தவர்கள் புலம்பினார்கள். "ஒண்ணுமில்லாததுக்கு ஓட விட்டுட்டானுகளா?" என்று யாரோ இன்பராஜைப் பார்த்துச் சொன்னார்கள். இன்பராஜ் மூலையையே பார்த்தான்.

பிறகு அந்தச் சத்தம் வந்தது. வெடிச் சத்தம் இல்லை. பெரிய கப்பல் துறையில் உரசுவது போல ஒரு நீண்ட முனகல். கடல் பக்க மூலையில் பன்னிரண்டு அறைகளும் ஒன்றாக ஒரு முழம் இறங்கி, சாய்ந்து நின்றன. ஆறாம் மாடிக் கடைசி அறையின் ஜன்னலிலிருந்து கண்ணாடியும் கட்டில் சட்டமும் சேர்ந்து கீழே கொட்டின. பூமிநாதன் சேதுராசுவின் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டான். விடவேயில்லை.

அன்று தற்காலிகக் கூடாரத்தில் ஜபருல்லா பாய் கம்பெனி கொடுத்த பொட்டலத்தைப் பிரித்து, தன் பங்குக் கோழித் துண்டை எடுத்து இன்பராஜின் தட்டில் வைத்தார். இன்பராஜ் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"தின்னுடா. மாவு இல்ல, கோழிதான்."

கட்டடம் தன் ஆட்களைத் தானே காப்பாற்றியது என்று கம்பெனி எல்லாருடைய போனுக்கும் ஒரு வீடியோ அனுப்பியது. அதில் பச்சை மரங்களும் சிரிக்கிற குடும்பமும் வந்தன. மூலைக் கட்டில்களைப் பற்றி ஒன்றும் வரவில்லை.

புதுக் குடியிருப்பில் தாங்களாகவே கேட்டு ஒரே அறையாக வாங்கினார்கள். பாய், மாயன், சேதுராசு, பூமிநாதன், இன்பராஜ். சமையல் முறை திரும்பவும் ஆரம்பித்தது. இன்பராஜ் வைக்கிற மீன்குழம்புக்கு மாயன் அடிமையாகிவிட்டான். கூரை மூலையில் புத்தம் புதிதாக ஒரு குண்டுமணி இருந்தது. அதை யாரும் தொடவில்லை. தொடக்கூடாது என்று பாயே பக்கத்து அறைகளுக்கெல்லாம் போய்ச் சொல்லிவிட்டு வந்தார்.

ஆனால் அறைக்குள் பேசுவதை நிறுத்திவிட்டார்கள்.

யாரும் கூடிப் பேசி முடிவு எடுக்கவில்லை. தானாக அப்படி ஆனது. உப்பு வேண்டுமென்றால் விரலைக் காட்டுவார்கள். விளக்கை அணைக்கட்டுமா என்பதற்குப் புருவம். ஊருக்குப் போன் பேச வெளியே மணலுக்குப் போவார்கள். சண்டை போடுவதற்குக்கூட மாயன் பாயைக் கூப்பிட்டுக்கொண்டு படியிறங்குவான். சந்தியாகு இருந்திருந்தால் எங்களுக்கு வாத்தியார் என்று மணலில் நின்று சிரித்துக்கொள்வார்கள்.

ஒருமுறை அப்படி வெளியே நிற்கும்போது இன்பராஜ் கேட்டான். "இன்னும் எம் மேல நம்பிக்கை வரலியா பாய்?"

"உஞ் சத்தியத்தை நம்புறேன். உன்னைய நம்புறேன்" என்றார் பாய். "சுவத்தைத்தான் நம்ப முடியல. பழகிப்போச்சுடா, விடு."

மழைக்காலம் இல்லாத ஊரில் மாதம் போவது தெரியாது. ஒரு நாள் சாயங்காலம், எல்லாரும் தரையில் வட்டமாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது ஐசக் சார் கதவைத் தட்டினார். கையில் போன். அதைப் பார்த்ததும் ஐந்து கைகளும் தட்டில் நின்றன.

"பேரு வாசிக்க வரலடே, பயப்படாதீங்க." உள்ளே எட்டிப் பார்த்தார். "எல்லாவனும் சொகமாத்தானே இருக்கிய? ஒருத்தனுக்கொருத்தன் சண்டை ஒண்ணும் இல்லியே?"

தலையாட்டினார்கள்.

"இல்ல, ஒரு மெசேஜ் வந்துச்சு. இந்த ரூம்ல பேச்சுச் சத்தமே இல்லியாம். நாப்பது நாளா. அதான் ஆளுகளுக்கு மனசு கினசு சரியில்லியான்னு போயிப் பாக்கச் சொல்லி சிஸ்டம் போட்டிருக்கு." அவர் திருப்தியாகச் சிரித்தார். "நல்ல சிஸ்டம், கேட்டியா? மனுசன் மேல அக்கறை உள்ளது."

மாயன்தான் முதலில் வாயைத் திறந்தான். "எல்லாருக்கும் தொண்டை கட்டிருக்கு சார்."

"ஏசியக் கொறச்சு வையுங்கடே" என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த அறைக்குப் போனார்.

ஜபருல்லா பாய் மெதுவாகத் தலையைத் திருப்பி இன்பராஜைப் பார்த்தார். சேதுராசுவும் பார்த்தான். அந்த முகத்தில் ஒரு சின்னப் பொய்யாவது ஒளிந்திருக்கிறதா, இத்தனை நாளும் தெரிந்தேதான் இருந்தானா என்று கண்ணில், உதட்டில், கழுத்து நரம்பில் தேடினான்.

இன்பராஜ் அவர்கள் யாரையும் பார்க்கவில்லை. அன்று பிள்ளை படத்தின்மேல் வைத்த தன் உள்ளங்கையைப் பார்த்தான். வாயிலிருந்ததைத் துப்பிவிட்டு, குழம்புக் கையை லுங்கியில் துடைத்து, போனை எடுத்து எண்ணை அழுத்தினான். வெளியே மணலுக்குப் போகவில்லை. அங்கேயே, அந்த மூலைக்கு நேர் கீழே, தரையில் உட்கார்ந்தபடியே அழைத்தான். மணி ரொம்ப நேரம் அடித்தது.

"எங்க போன இவ்வளவு நேரம்? பாப்பா எங்க? பாப்பாவுக்கு ஒண்ணும் இல்லல்ல? … காரணம் எதுக்குக் கேக்க, அவகிட்டக் குடு. முதல்ல அவகிட்டக் குடு."

அந்தப் பக்கம் போன் பிள்ளையின் கைக்கு மாறியது.

"பாப்பா? அப்பாதான். மேலுக்கு ஏதும் செய்யுதா? காய்ச்சல் இல்லல்ல? விழுந்து கிழுந்து… ஒண்ணும் இல்லடா, சும்மாதான். பேசு. ஏதாச்சும் பேசிக்கிட்டே இரு."

பிள்ளை பேச ஆரம்பித்தது. பள்ளிக்கூடத்தில் யாரோ பென்சிலைப் பிடுங்கிக்கொண்ட கதை. பல் முளைத்துவிட்டது போல, வார்த்தைகள் ஒழுகாமல் தெளிவாக வந்தன. நாற்பது நாளுக்குப் பிறகு அந்த அறையில் நீளமாகக் கேட்ட முதல் பேச்சு அதுதான். ஐந்து பேரும் கேட்டார்கள்.

மேலே குண்டுமணியும் கேட்டுக்கொண்டிருந்தது.